கவுன்சில்காரர் தண்டப் பத்திரம் நீட்டினால்

மாமி பஸ் தரிப்பிடத்தில் நின்று கோட் பொக்கற்றிலிருந்து பாஸை இழுத்தபோது, மடித்து வைத்திருந்த டிஷூ ஒன்றும் கூடவே விழுந்துவிட்டது. நெஞ்சில் கமரா மாட்டிய ஒருவர் வந்து பெயர், விலாசம் கேட்டு, 150 பவுணுக்குத் தண்டப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெட்கத்தில் மாமி இரண்டு கிழமை யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஓய்வூதியக் காசில் கட்டி முடித்த பிறகுதான் எங்களிடம் சொல்லி அழுதார். கட்டுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் பொது இடத்தில் குப்பை போடுவது 1990 ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். எறிந்தாலும் சரி, கைநழுவ விட்டாலும் சரி, அதை அங்கேயே விட்டுப் போவதுதான் குற்றமாகிறது. ஆகவே விழுந்ததை உடனே குனிந்து எடுங்கள். தற்செயலாக விழுந்ததற்குத் தண்டம் எழுதக் கூடாது என்று அரசின் வழிகாட்டியே கவுன்சில்களுக்கு, அதாவது உள்ளூராட்சி சபைகளுக்கு, சொல்கிறது. வருமானம் தேடத் தண்டம் போடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் சிகரெட் கட்டை சின்னதுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. அதுவும் சுவிங்கமும் குப்பைதான் என்று 2005 இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

தொகையை ஒவ்வொரு கவுன்சிலும் 65 முதல் 500 பவுண் வரை தானே தீர்மானிக்கலாம். உச்சவரம்பு 150 இலிருந்து 500 ஆக உயர்ந்தது 2023 ஜூலை இறுதியில். சீக்கிரம் கட்டினால் பல இடங்களில் தொகை குறையும்.

அந்தப் பத்திரம் நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. 14 நாளுக்குள் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது, வழக்கு வராது. இதற்கு எதிராக முறையான மேன்முறையீடு கிடையாது. ஆனால் நடந்ததை விளக்கிக் கவுன்சிலுக்கு எழுதலாம். கமராப் பதிவைப் பாருங்கள் என்றும் கேட்கலாம். அவர்கள் மறுத்தால், கட்டாமல் நீதவான் நீதிமன்றத்தில் உங்கள் பக்கத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தோற்றால் அபராதம் 2,500 பவுண் வரை போகலாம், செலவுத் தொகை வேறு. இதை நன்றாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பத்திரத்தை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

வந்தவர் தனியார் கம்பனி ஆளாகவும் இருக்கலாம். கவுன்சில் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தால் அவர் எழுதும் தண்டமும் செல்லும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரையும் விலாசத்தையும் மட்டும் மறைக்காதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். அது தனிக் குற்றம்.

பூங்காவில் பியர் குடிப்பது, தெருவில் துப்புவது, நாயை அவிழ்த்து விடுவது போன்றவற்றுக்கு வேறு சட்டம். 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஓர் இடத்தைக் குறித்து, அங்கே இவற்றைத் தடுத்து மூன்று வருடம் வரை கட்டளை போடலாம், பிறகு நீடிக்கலாம். அந்த இடத்தில் அறிவித்தல் பலகை இருக்கும். மதுவைப் பொறுத்தவரை எங்கள் ஆட்கள் பலர் அறியாத ஒன்று: குடித்த உடனே அது குற்றமாகாது. நிறுத்துங்கள், போத்தலைத் தாருங்கள் என்று அதிகாரி கேட்ட பிறகு மறுப்பதுதான் குற்றம். கேட்டவுடன் கொடுத்துவிட்டால் முடிந்தது. இந்தக் கட்டளைகளை மீறுவதற்கான தண்டத்துக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சம் 100 பவுண். அதை 500 ஆக்கும் மசோதா 2025 இல் பாராளுமன்றத்துக்கு வந்தது.

லண்டனில் வெம்பிளிப் பக்கம் நடைபாதையில் காய்ந்து கிடக்கும் வெற்றிலைச் சாற்றுக் கறையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மங்கிக் கபில நிறமாகி, அமுக்கத் தண்ணீர் அடித்தாலும் லேசில் போகாது. அந்தப் பகுதியின் பிரென்ட் கவுன்சில் அதற்கும் தண்டம் எழுதுகிறது. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. அந்த வழியால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கார் யன்னலால் யார் எதை எறிந்தாலும் தண்டக் கடிதம் காரின் பதிவு உரிமையாளருக்கே வரும். 2018 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் இதுதான் நடைமுறை, லண்டனில் அதற்கும் முன்பிருந்தே. இது குற்றவியல் தண்டம் அல்ல என்பதால் இதற்கு மேன்முறையீடு உண்டு.

விஷயம் நீதிமன்றம் வரை போய், ஆங்கிலம் தடையாக இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முன்கூட்டியே நீதிமன்றத்துக்கு அறிவியுங்கள். அதற்குக் காசு இல்லை.