மலை மேல் ஒரு பொலிவியா, கீழே ஒரு பொலிவியா

தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோபா அமெரிக்கா கால்பந்துத் தொடரில் பொலிவியாவின் கணக்கைப் பார்த்தால், இரண்டு அணிகளின் வரவுசெலவை யாரோ ஒரே நோட்டில் எழுதிவைத்த மாதிரி இருக்கும். 1963-ல் சாம்பியன். 1997-ல் இரண்டாமிடம். இரண்டுமே பொலிவியாவில் நடந்த தொடர்கள். வெளியூர்க் கணக்கு வேறு மாதிரி: 2016, 2019, 2021, 2024 ஆகிய நான்கு தொடர்களிலும் ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு டிரா கூடக் கிடையாது. 2015-ல் சிலியில் ஈக்வடாரை 3-2 என்று வென்று காலிறுதிக்குப் போனது ஓர் ஆறுதல்.

உள்ளூர்க் கூட்டத்தின் ஆரவாரம் எந்த அணிக்கும் கொஞ்சம் கைகொடுக்கும்தான். ஆனால் பொலிவியாவின் மலை நகரமான லா பாஸில் காற்றும் சேர்ந்து ஆடுகிறது.

அங்குள்ள ஹெர்னாண்டோ சீலெஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு’ என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் 21 சதவீதம், லா பாஸிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிவிடுவது அந்த அழுத்தம். தள்ளுகிற விசை குறைந்தால், எவ்வளவு இழுத்து மூச்சுவிட்டாலும் ரத்தத்தில் ஏறுவது குறைவுதான்.

சரி, இது ஆட்டத்தில் எப்படித் தெரியும்? கீழிருந்து வந்த ஒரு விங்கரை, அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடுகிறவரைக் கவனியுங்கள். முதல் 40 மீட்டர் ஓட்டத்தில் ஒரு குறையும் இருக்காது. அந்தச் சில நொடிகளுக்கான சக்தியைத் தசை தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது, ஆக்சிஜனுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அது கடன். திருப்பிக் கட்ட ஆக்சிஜன் வேண்டும். கடற்கரையில் அரை நிமிடத்தில் தேறி அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிவிடுகிறவர், இங்கே இடுப்பில் கைவைத்து நிற்பார். பந்து அவர் பக்கம் மறுபடி வரும்போது பழைய கடனே பாக்கி.

உடல் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்கிறது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தேசிய அணிகளுக்கு அவ்வளவு நாள் ஏது? தலைவலி, குமட்டல் போன்ற மலை நோய் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால், பல அணிகள் ஆட்டத்துக்குச் சற்று முன்பு வந்து இறங்கி, முடிந்ததும் பறந்துவிடுகின்றன.

பந்தும் வேறு மாதிரி போகிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் தடையும் குறைவு. தூரத்திலிருந்து அடித்த பந்து வேகம் அதிகம் குறையாமல் வந்து சேரும். அதே காரணத்தால் சுழற்றி அடித்த ஃப்ரீ கிக் எதிர்பார்த்த அளவு வளையாது. கீழ்நாட்டு கோல்கீப்பர் பழக்கத்தில் கையை நீட்டும்போது பந்து கடந்து போயிருக்கும்.

1,460 சர்வதேச ஆட்டங்களை வைத்து 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உள்ளூர் அணி எதிரணியைவிட 1,000 மீட்டர் மேலே பழகியதாக இருந்தால் கோல் வித்தியாசம் அரை கோல் அளவுக்கு அதன் பக்கம் சாயும் என்றது.

சாயும், அவ்வளவுதான். 1997-ல் பிரேசில் இறுதி ஆட்டம் வரை 400 மீட்டர் உயரமே உள்ள சாண்டா குரூஸில் ஆடிவிட்டு லா பாஸுக்கு ஏறியது. இடைவேளையில் 1-1. மூச்சு வாங்கவேண்டிய கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ரொனால்டோவும் சே ரொபெர்ட்டோவும் கோல் அடிக்க, 3-1 என்று கோப்பையைத் தூக்கியது. 1963-ல் பொலிவியா கடைசி ஆட்டத்தில் பிரேசிலை 5-4 என்று வென்றது லா பாஸில் இல்லை, அதைவிட 1,000 மீட்டர் தாழ்ந்த கோச்சபம்பாவில். அந்த பிரேசில் அணியில் பெலேயும் இல்லை, காரிஞ்சாவும் இல்லை. இதையும் சொல்லாவிட்டால் காற்றுக்கு அளவுக்கு மீறிப் பெருமை சேர்த்ததாகிவிடும்.

2007-ல் 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்றது ஃபிஃபா; எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டு பின்வாங்கியது. பொலிவியாவோ 2024-ல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களை 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள எல் ஆல்டோவுக்குக் கொண்டுபோனது. 2025 செப்டம்பரில் அங்கே பிரேசில் 1-0 என்று தோற்றது. கோபா அமெரிக்கா மட்டும் 1997-க்குப் பிறகு அந்த மலையில் ஏறவே இல்லை.