ஊசி போடும் முன் கேட்க வேண்டியவை

ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார் பலர், புதன்கிழமை கூலியை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு தடுப்பூசிக்கு வருகிறார்கள். என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டால், "நர்சம்மா போட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது போதாது. போடப்போகும் ஊசியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு உடல் மீதான உரிமையைக் காக்கிறது என்பது காரணம். பொது நலன் கருதி அரசு அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

ஊசி போடுபவர் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்பது விதி: எந்த நோய்க்கான ஊசி, என்ன பக்கவிளைவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவர வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், இருங்கள்.

இதில் பக்கவிளைவைச் சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை. பிறந்ததும் இடது கையில் போடும், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, சில வாரம் கழித்துக் கொப்புளமாகி, புண்ணாகி, தழும்பாகும். அது வழக்கமான ஒன்று. முன்கூட்டியே தெரியாத தாய் பயந்துபோய் மஞ்சள் பத்துப் போடுவாள், அடுத்த ஊசிக்கு வரவும் தயங்குவாள்.

பெற்றோர் தாங்களே தேர்ந்தெடுக்க எங்கே இடமிருக்கிறது? தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியில், சேலம் தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லாத ஊசி' என்று கூடுதல் விலைக்கு ஒன்று உண்டு. காய்ச்சலும் வீக்கமும் குறையும், உண்மைதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவதைவிட அது அதிகப் பாதுகாப்பு தருவதில்லை. கையில் காசில்லாத அப்பா அதற்காகக் கடன் வாங்கவே வேண்டாம்.

சளி, லேசான இருமல் இருந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடும் காய்ச்சல் என்றால் டாக்டரைக் கேளுங்கள். ஒரு தவணை தவறிப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நாய்க்கடி மட்டும் வேறு. அங்கே யோசிக்க நேரமில்லை, ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஏற்காட்டில் குரங்கு கடித்தாலும் இதேதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 3, 7, 28-ம் நாள்களில் மற்றவை. ரத்தம் வந்த கடி என்றால் கிருமியை உடனே எதிர்க்க, காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசியும் வேண்டும், நீங்களாகவே கேளுங்கள். வளர்ப்பு நாய்தானே என்று காத்திருக்காதீர்கள்.