கேத்தலில் படியும் வெள்ளை காருக்குள் என்ன செய்யும்?

மச்சானின் கார் யாழ்ப்பாண நகருக்குள் நாள் முழுக்க ஓடினாலும் சூடேறாது. ஏ9 வீதியில் ஆனையிறவுப் பக்கம் இரண்டு லொறிகளை அடுத்தடுத்து முந்தினால் போதும், வெப்பமுள் ஏறத் தொடங்கிவிடும். 1990களில் ஜப்பானில் செய்த 2 லீற்றர் டேர்போ கார். கராஜ் அண்ணை, எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு நாளும் கிணத்துத் தண்ணியோ விட்டனீர்?" என்று கேட்டார்.

நிற்கும்போது சூடேறினால் பெரும்பாலும் விசிறியில் பிழை. எஞ்சினை அழுத்தி ஓடும்போது மட்டும் சூடேறினால், ரேடியேற்றருக்குள் தண்ணீர் போகும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை ரேடியேற்றர்தான் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். டேர்போ, வெளியேறும் புகையாலேயே சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடும். எஞ்சின் அதே அளவு, வெப்பம் மட்டும் அதிகம். போதாக்குறைக்கு, முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைத் தாண்டி ஏற்கெனவே சூடான காற்றுத்தான் ரேடியேற்றருக்கு வருகிறது.

ஊரின் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம்தான் வெப்பத்தைத் தள்ளும் விசை. எஞ்சின் தண்ணீர் 90 பாகை, ஜப்பானில் குளிர்காலக் காற்று 5 பாகை என்றால் வித்தியாசம் 85. இங்கே 34 பாகை வெயிலில் அது 56. அதே ரேடியேற்றர், மூன்றில் ஒரு பங்கு திறனை இழந்துவிட்டுத்தான் இங்கே வேலைக்கு வருகிறது.

சரி, கிணற்றுத் தண்ணீருக்கு வருவோம். குடாநாடு நிற்பது சுண்ணக்கல்லின் மேல். அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் கிணற்றுக்கு வருகிறது. சீனி சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணம் நேர்மாறு. சூடேறும்போது தண்ணீரிலிருந்து காபனீரொட்சைட்டு பிரிய, கல்சியம் காபனேற்று வெள்ளையாகப் படிகிறது. கேத்தலின் அடியில் தினமும் பார்ப்பது இதைத்தான்.

அது முதலில் படிவது ரேடியேற்றரில் அல்ல என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதிகம் சூடான இடத்தைத்தான் அது தேடும்: எஞ்சின் தலைப்பகுதி, புகை வால்வுகளின் சுற்றுப்புறம். சுண்ணப்படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. 1 மில்லிமீற்றர் படிவு, 10 சென்ரிமீற்றர் தடித்த அலுமினியச் சுவருக்குச் சமம்! பிறகு அது செதில் செதிலாகக் கழன்று, ரேடியேற்றரின் தட்டையான ஒடுங்கிய குழாய்களில் போய் அடைக்கிறது. எஞ்சினைக் கழுவாமல் புது ரேடியேற்றர் பூட்டினால் அதற்கும் இதே கதிதான்.

ஒரு காலத்தில் இங்கே ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களின் செம்பு, பித்தளை ரேடியேற்றரைக் கழற்றி, குத்தி, ஈயம் வைத்து ஒட்டிவிடலாம். இந்தக் காரில் இருப்பது அலுமினியமும் இரு பக்கமும் நைலோன் தொட்டிகளும். கறுப்பாக இருந்த நைலோன் வருடக்கணக்கான சூட்டில் பழுப்பாகிவிட்டது. பழுப்பானால் வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. மாற்றத்தான் வேண்டும். மிகத் தடித்த ரேடியேற்றர் தேடி அலைவது வீண் செலவு என்பது என் எண்ணம்: முன்பகுதியைக் கடந்து சூடான காற்று பின்பகுதியில் பெரிதாக எதையும் வாங்கிக்கொள்ளாது.

எஞ்சினை இருபக்கமும் தண்ணீர் அடித்துக் கழுவினோம். பிறகு கடையில் வாங்கும் கூலன்ற் என்ற குளிர்விக்கும் திரவம் பாதி, பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் பாதி. மூடியும் புதிது. அதன் சுருள்வில் உள்ளே ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், தண்ணீர்கூட 120 பாகைவரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விழும். 110 பாகைத் தண்ணீர் அந்தக் கணமே கொதித்து, ஆவியோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

கடைசி வேலை, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவது. காரின் மூக்கு மேலே நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மேட்டுக்கு எங்கே போவது? ஜக் வைத்துத் தூக்கி, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டு, வியர்க்க வியர்க்க அரை மணித்தியாலம் ஓடவிட்டோம். மறுநாள் காலை மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மச்சான் பதறிப்போய் கீழே குனிந்து பார்த்தான். நிலம் காய்ந்துதான் கிடந்தது. உள்ளே பதுங்கியிருந்த காற்று இரவோடிரவாக விட்டுப்போன இடம் அது.