கிளாங்கர்ஸ் தொடரும் குழந்தையின் பேச்சும்

இரண்டரை வயதாகியும் குழந்தை பேசவில்லை என்று பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர், கேட்டுக் கேட்டே பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கையில், இடைவிடாமல் பேசும் கார்ட்டூன்களை நாள் முழுதும் ஓடவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது, ஒரு சொல்லும் பேசாத பாத்திரங்களைக் கொண்ட ‘கிளாங்கர்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் தொடரை.

ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் கென்ட் பகுதியில், ஃபர்மினின் பண்ணையிலேயே எடுத்த இத்தொடரை பிபிசி 1969 முதல் 1972 வரை ஒளிபரப்பியது. ஃபர்மினின் மனைவி ஜோன் இளஞ்சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார்கள். தொலைதூரத்துச் சிறு கோள் ஒன்றில் வாழும் அந்த உயிரினங்களுக்கு சூப் டிராகன் உணவளிக்கிறது. இரும்புக் கோழி ஒன்றும் வந்துபோகிறது.

கிளாங்கர்கள் விசிலொலியால் மட்டுமே உரையாடுகின்றன. ஆனால் அது வெறும் ஓசையன்று: உரையாடலை முழு ஆங்கில வாக்கியங்களாக எழுதி வைத்துக்கொண்டு, அவற்றின் ஏற்ற இறக்கத்தை ஸ்வானி விசில் என்னும் வழுக்குக் குழலில் ஊதினார்கள். (எழுத்தில் மட்டுமே இருந்த ஒரு வசைச்சொல்லுக்கும் பிபிசி ஆட்சேபம் தெரிவித்ததாம்!) பின்னணிக் குரலின்றி ஒரு பகுதியைப் பார்த்த ஜெர்மானியர்கள், அவை ஜெர்மன் மொழியில் பேசுவதாகவே கருதினார்கள் என்று போஸ்ட்கேட் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்கு வியப்பில்லை. பிறந்த சில நாள்களிலேயே குழந்தை தாய்மொழியின் ஓசையோட்டத்தை அயல்மொழியிலிருந்து பிரித்தறிகிறது. கேள்வியா, கண்டிப்பா, கொஞ்சலா என்பதைச் சொற்பொருள் விளங்கும் முன்னரே குரலைக் கொண்டு உணர்கிறது. நாம் குழந்தையிடம் குரலை உயர்த்தியும் இழுத்தும் பேசும் கொஞ்சுமொழியைச் சிலர் தேவையற்றதென்று நிறுத்திவிடுகிறார்கள். அது மொழி கற்பதற்குத் துணை நிற்பதால் தாராளமாகக் கொஞ்சுங்கள்.

எனினும் கிளாங்கர்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனால் பேச்சு வந்துவிடாது. அருகில் அமர்ந்து, விசிலொலி எழும்போது “குட்டி என்ன கேட்குது? பசிக்குதாமா?” என்று கேட்டு, குழந்தை ஓர் ஒலியாலோ விரல் நீட்டியோ மறுமொழி தரும் வரை காத்திருக்க வேண்டும்; பெரும்பாலான பெற்றோர் அந்தச் சில நொடிகளைக்கூடப் பொறுக்காமல் தாமே விடை சொல்லிவிடுகிறார்கள். திரை நேரத்தைப் பொறுத்தவரை, 2 வயதுக்குள் அறவே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை.

16 மாதத்தில் தனிச் சொற்களோ, 24 மாதத்தில் தானாகச் சொல்லும் இருசொல் தொடர்களோ வரவில்லையெனில், தொலைக்காட்சியை நிறுத்திப் பார்ப்போம் என்று மாதங்களைக் கடத்தாமல் முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். டிவி சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். பகுதியளவு செவிக்குறை உள்ள குழந்தையும் உரத்த இசைக்குத் திரும்பும், ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய, உச்சச்சுருதி ஒலிகள் அதற்குக் கேட்காமலே போகலாம்.