சுமத்ராவில் நள்ளிரவு, பினாங்கில் விடியல்: செப்டம்பர் கடல் திடீரெனக் கொந்தளிப்பது எப்படி?

பினாங்குக் கடல் சாதுவானது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. கோல திரெங்கானுவிலும் குவாந்தானிலும் ஆண்டிறுதியில் எழும் பேரலைகளை இங்கே பார்க்க முடியாது. பத்து பெரிங்கி மணலில் நின்றால் பெரும்பாலான நாள்களில் முழங்காலுக்குக் கீழேதான் அலை. ஆனால் ஆகஸ்டு கடைசி முதல் அக்டோபர் வரை, நாள்கணக்கில் அடங்கிக் கிடந்த கடல் ஒரு விடியற்காலையில் அரை மணி நேரத்துக்குள் சிறு படகைக் கவிழ்க்கும் அளவுக்குக் கொந்தளித்துவிடும். முதல் நாள் இரவு தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாகப் பத்து மவுங்கிலிருந்து புலாவ் கெண்டித் தீவுப் பக்கம் கிளம்பியவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் கிளம்பியிருப்பார்கள். மேலே நட்சத்திரங்கள் தெரிந்திருக்கும். அந்நேரம் ஆபத்து சுமார் 250 கிலோமீட்டர் மேற்கே, சுமத்ராவின் கரையோரத்தில் திரண்டுகொண்டிருந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மலாக்கா நீரிணை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளம். தென்கிழக்கே சிங்கப்பூர் பக்கம் ஒடுங்கி, வடமேற்கே அந்தமான் கடலை நோக்கி அகலும். பினாங்கு அந்த அகன்ற பகுதியில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் எழும் நெடிய அலைகளைச் சுமத்ரா தீவு குறுக்கே படுத்துத் தடுத்துவிடுகிறது. வடமேற்கு வாய் வழியாக நுழைந்து, பினாங்குத் தீவின் மூலையிலிருக்கும் முக்கா முனையைத் தொடுவது அவற்றின் மிச்சம்தான். பினாங்கில் நாம் பார்க்கும் அலை பெரும்பாலும் நீரிணைக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே மடிவது. உள்ளூர்க் காற்று எப்படியோ, கடலும் அப்படியே.

அந்தக் காற்றுகளில் மிகவும் முரடானது சுமத்ரா சூறை. வானிலையாளர்கள் இப்படி அழைப்பது, நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளக்கூடிய ஓர் இடிமேக வரிசையை. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில், தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்திலும் அதன் இரு ஓரங்களிலும், இது அடிக்கடி தலைகாட்டும். பெரும்பாலும் இரவின் பின்பகுதியில் அல்லது காலையில் வரும். ஏன் அந்த நேரம் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

பகலில் சுமத்ராவின் மலைச்சரிவுகள் சூடேறுகின்றன. தீவின் நீளத்துக்கும் ஓடும் புக்கிட் பாரிசான் மலைத்தொடரில் கெரின்சி சிகரம் 3,805 மீட்டர் உயரம். சூடான ஈரக்காற்று அந்தச் சரிவுகளில் ஏறி மாலைக்குள் இடிமேகங்களாகிறது. பொழுது சாய்ந்ததும் நிலம் விரைவில் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. நீரிணையின் மேற்பரப்பு இரவிலும் 29, 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். சுமத்ராவின் மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் குளிர்ந்த காற்று கிழக்கே கடலுக்கு இறங்குகிறது. அதே இரவில் கெடா, பேராக் நிலப்பரப்பிலிருந்து இன்னொரு நிலக்காற்று மேற்கே புறப்படுகிறது. இரண்டும் நீரிணையின்மேல் எதிரெதிரே வந்து சேரும்போது, இடையில் அகப்பட்ட வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. போதாததற்கு, மேகங்களின் உச்சி இரவில் தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து குளிர்கிறது. மேலே குளிரும் கீழே சூடும் கூடக் கூட, காற்று இன்னும் வேகமாக மேலெழும்.

இதுவரை நடந்தது மேகம் திரண்டது மட்டுமே. அது சூறையாக மாறுவது மழை விழத் தொடங்கியபின். விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது மழையோடு சேர்ந்து கீழே பாய்ந்து கடல்மட்டத்தில் மோதி, சிமென்ட் வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் ஓடுவதைப் போலப் பரவுகிறது. ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக வீசும் நாள்களில் இந்தப் பரவல் கிழக்குப் பக்கமே வலுக்கும். பரவும் குளிர்காற்றின் முன்விளிம்பு, எதிரே இருக்கும் சூடான ஈரக்காற்றை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. அங்கே புதிய இடிமேகம் பிறக்கிறது. அந்த மேகத்தின் மழை மேலும் குளிர்காற்றை இறக்குகிறது. இப்படி வழியில் கிடக்கும் சூட்டையும் ஈரத்தையும் தின்றுகொண்டே வரிசை முன்னேறும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும், நள்ளிரவில் சுமத்ராக் கரையை விட்டது காலை ஆறு மணிவாக்கில் பினாங்குக்கு வந்துவிடும். தூண்டில் போட்டவர்கள் சற்று ஓய்ந்து காப்பி ஊற்றிக் குடிக்கும் நேரம் அது.

புலாவ் கெண்டிக்கு அப்பால் நங்கூரமிட்ட ஒரு ஃபைபர் படகில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? விடியும் முன், தீவின் பக்கமிருந்து மெல்லிய காற்று. மேற்கே அடிவானத்தில் மின்னல், இடி கேட்கவில்லை. காற்று அந்தப் பக்கமாகத்தானே வீசுகிறது, மேகம் விலகிப் போய்விடும் என்று யாருக்கும் தோன்றும். உயிருக்கு உலை வைக்கும் கணிப்பு இது. அந்தக் கீழைக்காற்று மேகத்தைத் தள்ளவில்லை. நெருங்கி வரும் மேகம்தான் அதைத் தன்னை நோக்கி இழுத்துக்கொள்கிறது. வரிசையை நகர்த்துவது மேலே வீசும் மேற்குக் காற்றும் கீழே முந்திப் பாயும் குளிர்காற்றும். சற்று நேரத்தில் அந்த மெல்லிய காற்றும் நின்றுவிடும். மேற்கே தாழ்ந்து, வில்லாக வளைந்த கருமேக விளிம்பு ஒன்று தெரியும். அதன் அடியில் கடலின் நிறம் ஒரு கோடாக வெளுத்து நெருங்கி வரும், அது நுரை. பிறகு முகத்தில் சில்லென்ற அடி. சில நிமிடங்களில் வெப்பம் ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். காற்று முழுத் திசையும் மாறி, மேற்கிலிருந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். கொட்டும் மழை அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே மழையைப் பார்த்துவிட்டுக் கரை திரும்பலாம் என்று காத்திருப்பவருக்கு அவகாசமே இல்லை.

தீவின் வடகரையிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. தெலுக் பாஹாங் வளைகுடா வடக்கே பார்த்தது. மேற்கை முக்கா முனைக் குன்றுகள் மறைத்துவிடும். ஜார்ஜ்டவுனுக்கும் மேற்கு வானத்துக்கும் நடுவே 833 மீட்டர் உயரப் புக்கிட் பெண்டேரா நிற்கிறது. தேசியப் பூங்காவின் கடற்கரைகளுக்குப் பிள்ளைகளோடு படகேறும் குடும்பங்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். படகுத்துறையிலிருந்து தெரியும் நீலவானம் பாதி வானம்தான்.

இனி அலைக்கு வருவோம். காற்றிலிருந்து அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம். சூறையில் வேகம் உண்டு, நேரம் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு மணி நேரம் வீசினால் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய அலைகள் எழும். ஒரு மீட்டர்தானே என்று எண்ணக் கூடாது. அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பதுதான் நம்மிடையே இருக்கும் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை வினாடி ஆகிறது என்பது அதே அளவு முக்கியம்.

ஆழ்கடலில் அலையின் நீளத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: வினாடியை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56ஆல் பெருக்கினால் நீளம் மீட்டரில் கிடைக்கும். பெருங்கடலிலிருந்து வரும் 12 வினாடி அலையின் நீளம் சுமார் 225 மீட்டர். அது ஒன்றரை மீட்டர் உயரமாக இருந்தாலும் படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். படகிலிருப்பவருக்குச் சரிவே தெரியாது. சூறை எழுப்பும் அலையோ 4 வினாடி. நீளம் 25 மீட்டர். அதே உயரம் இந்தக் குறுகிய நீளத்துக்குள் அடைபட்டால் சரிவு ஒன்பது மடங்கு செங்குத்தாகிறது. ஏழு மீட்டர்ப் படகின் முனை ஒரு முகட்டில் ஏறி, பள்ளத்தில் விழுந்து, எழுவதற்குள் அடுத்த முகடு மேல்தட்டில் இறங்கிவிடும். ஒரு நிமிடத்தில் பதினைந்து முறை இப்படி. உள்ளே சேரும் தண்ணீர் படகைக் கனமாக்க, முனை இன்னும் தாழும். பக்கவாட்டில் அலை வாங்கினால் கவிழும் ஆபத்து பல மடங்கு. அதனால்தான் அனுபவமுள்ள படகுக்காரர்கள் வேகத்தைக் குறைத்து, முனையைச் சற்றுச் சாய்வாக அலைக்கு எதிரே நிறுத்திக்கொள்கிறார்கள்.

வானிலை அறிக்கையில் வரும் அலை உயரத்தையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். அது எழும் அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்தில் தனியாக ஓர் அலை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமாக வருவது இயல்பே. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் இரண்டு மீட்டருக்கும் தயாராக இருக்க வேண்டும்.

சில வாரங்களில் மட்டும் இந்தச் சூறைகள் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் வெகு தொலைவில் இருக்கலாம். செப்டம்பர் மேற்குப் பசிபிக்கின் சூறாவளிக் காலம். தென்சீனக் கடலிலோ பிலிப்பைன்ஸ் அருகிலோ ஆழ்ந்த தாழ்வழுத்தம் ஒன்று உருவானால், தெற்கு அரைக்கோளத்திலிருந்து பூமத்திய ரேகையைக் கடந்து வரும் காற்று அதை நோக்கி வேகமெடுக்கும். சுமத்ராவின்மேல் வீசும் மேற்குக் காற்று பலமாகும். சூறைகளுக்குக் கிழக்கே தள்ளும் விசை கூடும். ஹாங்காங்கை நோக்கிப் போகும் புயலுக்குப் பினாங்கில் மரம் சாய்வது இப்படித்தான். இன்னொரு காரணம், 1971இல் ரோலண்ட் மேடனும் பால் ஜூலியனும் கண்டறிந்த அலைவு. இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கே நகரும் பெரும் மழைமேகத் திரள் அது. 30 முதல் 60 நாளுக்கு ஒரு சுற்று. அதன் ஈரமான பகுதி நம் வட்டாரத்தைக் கடக்கும் வாரம் கடலுக்குப் போகத் தோதான வாரமல்ல. அலைவின் வறண்ட பகுதி வரும்போது மழை குறைந்து, அதே தென்மேற்குக் காற்று சுமத்ராவின் காட்டுத்தீப் புகையைக் கொண்டுவரக்கூடும்.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றைச் சுழல வைக்கும் பூமிச் சுழற்சியின் விசை இங்கே மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் 2001 டிசம்பரில் வாமேய் சூறாவளி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவானது. மிக அரிது என்று மட்டுமே சொல்லலாம்.

ஏற்றவற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே நிற்கிறது. அதை ஒட்டிய அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறி இறங்கும். பினாங்கில் அந்த வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டும். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே மிக ஒடுங்கிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர்தான் அகலம். அத்தனை நீரும் அந்த வழியே போய்வர வேண்டும். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் நெருங்கி, குறுகி, செங்குத்தாகின்றன. பத்து நிமிடத்துக்கு முன் சுமுகமாக இருந்த கால்வாய், காற்று மாறாமல் நீரோட்டம் மட்டும் திரும்பியதாலேயே முரடாகிவிடும். சூறையின் மழை உயர் ஏற்ற நேரத்தில் பெய்தால் சுங்கை பினாங் ஆற்றின் நீர் கடலுக்குள் வடிய வழியின்றி ஊருக்குள் தேங்குவதும் இதே கணக்குத்தான்.

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா கடலுக்கு மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றும் 3.5 மீட்டர் வரை அலையும் முதல் நிலை. 50 முதல் 60 கிலோமீட்டரும் 4.5 மீட்டர் வரையும் இரண்டாவது. அதற்கு மேல் மூன்றாவது. இவை நீடித்து வீசும் காற்றுக்கானவை. பினாங்குக் கடலில் நமக்கு அதிகம் வேண்டியது வேறு: கடற்பகுதிக்கான இடிமழை எச்சரிக்கை. அது சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். முதல் நாள் மாலை பார்த்த முன்னறிவிப்பில் அது இருக்காது, அதிகாலையில்தான் வரும். எனவே அத்துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியை வீட்டில் பார்த்துவிட்டுப் பையில் போடுவதில் பயனில்லை. இரவில் கடலில் இருப்பவர்கள் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் ரேடார் படத்தைத் திறக்க வேண்டும். நீரிணையின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மஞ்சள், சிவப்புப் பட்டை இருந்து, அடுத்த படத்தில் அது கிழக்கே நகர்ந்திருந்தால், இரு படங்களுக்கும் இடையிலுள்ள தொலைவையும் நேரத்தையும் வைத்து அது எப்போது வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம். கரை திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றால், பட்டை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும்போதே நங்கூரத்தைத் தூக்குங்கள். இருக்கைக்கு அடியில் கிடக்கும் லைஃப் ஜாக்கெட்டை அப்போதே மாட்டிக்கொள்ளுங்கள். காற்று அடிக்கத் தொடங்கியபின் அதை மாட்ட இரண்டு கையும் கிடைக்காது.

வரிசை கடந்தபின் சாதாரண மழை ஓரிரு மணி நேரம் தொடரும். குறுகிய அலைகள் எழுந்த வேகத்திலேயே, காற்று நின்றதும் அடங்கத் தொடங்கும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழிந்து, ரேடாரில் மேற்கே இரண்டாவது பட்டை இல்லை என்று பார்த்தபின் படகை மறுபடி இறக்கலாம்.