மட்டக்களப்பின் ஐந்தாவது ஆசனம்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில், இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 தேசிய மக்கள் சக்தியின் பக்கம் போயின. மட்டக்களப்பு மட்டும் போகவில்லை. இங்கே தமிழரசுக் கட்சி 96,975 வாக்குகளோடு முதலிடம் பிடித்து, ஐந்து ஆசனங்களில் மூன்றை எடுத்துக்கொண்டது. தேசிய மக்கள் சக்திக்கு 55,498 வாக்குகள், ஓர் ஆசனம். முஸ்லிம் காங்கிரசுக்கு 40,139 வாக்குகள், ஓர் ஆசனம். 31,286 வாக்குகள் பெற்ற தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி வெறுங்கையோடு நின்றது.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு ஐந்தில் மூன்று ஆசனங்கள். இதை விகிதாசாரம் என்று எப்படி அழைப்பது? கேள்வி நியாயமானது. விடை அரசியலில் இல்லை, வகுத்தலிலும் மீதியிலும் இருக்கிறது.

வாக்கெண்ணல் முடிந்ததும் முதல் வேலை, செல்லுபடியான வாக்குகளில் ஐந்து சதவீதத்தைத் தொடாத கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் ஒதுக்குவது. அவர்களுக்கு விழுந்த வாக்குகள் மொத்தத்திலிருந்தே கழிக்கப்படும். அடுத்து, முதலிடம் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் எந்தக் கணக்குமின்றிப் போய்ச் சேரும். இதுதான் போனஸ் ஆசனம். மட்டக்களப்பில் அதன் பின் இருப்பவை நான்கு. கழித்தது போக எஞ்சிய வாக்குகளை நான்கால் வகுத்தால் வருவதே ஓர் ஆசனத்தின் விலை. 2024இல் அது 61 ஆயிரத்துச் சொச்சம்.

அந்த விலையை முழுதாகக் கொடுக்கக்கூடிய கட்சி மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். தமிழரசுக் கட்சி ஒரு முறை கொடுத்து ஓர் ஆசனத்தைப் பெற்றது. அதன் கையில் 35 ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. மற்ற எவரும் 61 ஆயிரத்தை எட்டாததால், அவர்களின் வாக்கு முழுவதுமே மீதியாகக் கணக்கிடப்பட்டது. இன்னும் மூன்று ஆசனங்கள் மேசையில் கிடக்கின்றன. அவை மீதியின் வரிசைப்படி போகும்: 55,498, பிறகு 40,139, பிறகு தமிழரசுக் கட்சியின் மிச்சமான 35 ஆயிரம். அதற்கு அடுத்த படியில் 31,286. மாவட்டத்தின் ஐந்தாவது ஆசனம் நாலாயிரம் வாக்குச் சொச்சத்தில் கைமாறாமல் நின்ற கதை இதுதான்.

போனஸ் என்ற ஒன்று இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்குக்குப் பதில் ஐந்தால் வகுக்க வேண்டும். விலை 49 ஆயிரமளவுக்கு இறங்கும். தமிழரசுக் கட்சியும் தேசிய மக்கள் சக்தியும் ஆளுக்கு ஒன்றை முழு விலைக்கு வாங்கியிருக்கும். மீதி மூன்றும் தமிழரசுக் கட்சிக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் 31,286 வாக்குக்காரருக்கும் ஒவ்வொன்றாகப் போயிருக்கும். ஆக, 2024இல் முடிவைத் தீர்மானித்தது போனஸ். 2020ஆம் ஆண்டின் எண்களில் இதே பரிசோதனையைச் செய்துபார்த்தால் வேடிக்கை: போனஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மட்டக்களப்பின் முடிவு மாறியிருக்காது. ஒரே விதி, ஒரே மாவட்டம், நான்கு ஆண்டு இடைவெளி.

ஐந்து சதவீத வெட்டுப்புள்ளியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். மட்டக்களப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் காகிதக் காவலாளிதான். ஆசனங்கள் ஐந்தே இருக்கும் இடத்தில், ஐந்து சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் உள்ளே போக முடியாது. 2020இல் ஐக்கிய மக்கள் சக்தி 28,362 வாக்குகள் பெற்றது. அது ஐந்து சதவீதத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அப்படியும் கதவு திறக்கவில்லை. ஆசனங்கள் பல உள்ள கொழும்பு போன்ற மாவட்டங்களில்தான் அந்தப் புள்ளிக்கு உண்மையான பல் இருக்கிறது. 1978 அரசியலமைப்பு முதலில் வைத்தது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். 1988 டிசம்பரில் வந்த பதினைந்தாம் திருத்தம் அதை இருபதில் ஒரு பங்காக்கியது. ஜனாதிபதித் தேர்தலில் ஆர். பிரேமதாசவுக்கு ஆதரவு கொடுக்க முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் வைத்த நிபந்தனை அது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

அம்பாறையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக விளையாடும். தேர்தல் வரைபடத்தில் அந்த மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல, ஆசனங்கள் ஏழு. 2020இல் தமிழர் வாக்கு முக்கியமாக இரண்டு பட்டியல்களுக்குப் பிரிந்தது. அகில இலங்கை தமிழர் மகாசபைக்கு 29 ஆயிரத்துக்கு மேல், தமிழரசுக் கட்சிக்கு 25 ஆயிரத்துக்கு மேல். இரண்டும் வெட்டுப்புள்ளியைத் தாண்டின. இரண்டுக்கும் ஆசனம் இல்லை. கடைசி ஆசனம் 38,911 வாக்குகள் பெற்ற தேசிய காங்கிரசுக்குப் போனது. இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருந்திருந்தால் 54 ஆயிரத்தைத் தாண்டி, மீதிகளின் வரிசையில் முதலாவதாக நின்றிருக்கும். வாக்காளர் மூட்டையில் கட்டி மாற்றக்கூடிய நெல் அல்லர் என்பதையும் சேர்த்துத்தான் இதை வாசிக்க வேண்டும். ஒன்றாகக் கேட்டிருந்தால் எல்லோரும் போட்டிருப்பார்கள் என்று எவரும் எழுதிக்கொடுக்க முடியாது. பின்னர், நாடளாவிய வாக்குக்கேற்பக் கட்சிகளுக்குப் பகிரப்படும் தேசியப் பட்டியலில் கிடைத்த இடத்தை, தமிழரசுக் கட்சி அங்கம் வகித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அம்பாறையின் த. கலையரசனுக்குக் கொடுத்தது. 2024இல் தமிழரசுக் கட்சி அங்கே நேரடியாகவே ஓர் ஆசனத்தைப் பெற்றது.

இவ்வளவு சிக்கலான முறை எதற்கு? பழைய முறை கொடுத்த அதிர்ச்சிகளே காரணம். அந்தக் காலத்தில் தொகுதிக்கு ஒருவர். அதிக வாக்கு எடுத்தவர் வென்றார். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் 37.9 சதவீத வாக்குகள் பெற்றும் 17 ஆசனங்களோடு சுருங்கியது. அதைவிடச் சற்றுக் குறைவாக 36.9 சதவீதம் எடுத்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91. (சுதந்திரக் கட்சி சில தொகுதிகளைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1977இல் ஊசல் மறுபுறம் போனது: பாதியைச் சற்றே தாண்டிய வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. அந்தப் பெரும்பான்மையை வைத்தே அடுத்த ஆண்டு புதிய அரசியலமைப்பும் விகிதாசார முறையும் வந்தன. அப்படிப்பட்ட வெற்றி இனி எவருக்கும் எளிதில் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம், அதைப் பெற்றவர்களுக்கே வந்தது விநோதம்தான்.

ஆனால் பழைய முறையிலும் கிழக்குக்கென ஒரு தனி ஏற்பாடு இருந்தது; இன்று அதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1947 தேர்தலுக்காகத் தொகுதி பிரித்தபோது சோல்பரி அரசியலமைப்பு இரண்டு அளவுகோல்களை வைத்தது: 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம். ஆட்கள் குறைந்து, நிலமும் காடும் வாவியும் நிறைந்த மாகாணத்துக்கு இரண்டாவது அளவுகோல் கைகொடுத்தது. அம்பாறை அப்போது தனி மாவட்டமில்லை, 1961இல்தான் பிரிந்தது. ஆகவே கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில் என்ற ஐந்தும் ஒரே மட்டக்களப்பு மாவட்டத்தின் தொகுதிகள். 1960 முதல் மட்டக்களப்புத் தொகுதி இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடத்தில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும் என்ற நிலையைத் தவிர்க்கும் வழி அது. 1977இல் மட்டக்களப்பில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் செ. இராசதுரையும் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பையும் தெரிவானார்கள். இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த பொத்துவிலிலும் அப்படியே, ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும். பெரிய வகுத்தல் எதுவும் இல்லாமலே ஓரளவு விகிதாசாரம் கிடைத்தது. என் பார்வையில், கலந்து வாழும் ஊர்களுக்கு அது மோசமான யோசனை அல்ல.

நிலத்துக்கும் இடம் என்ற அந்தப் பழைய சலுகையின் சாயல் இன்னும் இருக்கிறது. நேரடியாகத் தெரிவாகும் 196 பேரில் 36 ஆசனங்கள், மக்கள்தொகை எவ்வளவானாலும், ஒன்பது மாகாணங்களுக்கும் நான்கு நான்காகப் பகிரப்படுகின்றன. ஏனைய 160 வாக்காளர் தொகைக்கேற்பப் போகின்றன. இவற்றோடு தேசியப் பட்டியலின் 29 சேர்ந்தால் 225.

கட்சிக்கு எத்தனை என்பது முடிந்த பின்தான் யார் என்ற கேள்வி எழுகிறது. ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டி வேட்பாளர் பட்டியல் போட வேண்டும் என்பதால் மட்டக்களப்பில் ஒவ்வொரு கட்சியும் எட்டுப் பேரை நிறுத்துகிறது. வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி இட்டு, அந்த எட்டில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். பழைய நாளில் பட்டிருப்பு வேட்பாளருக்குப் பட்டிருப்பு போதும். இப்போது வாகரையிலிருந்து துறைநீலாவணை வரை, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் சுற்றியாக வேண்டும். போதாக்குறைக்கு, நேரடிப் போட்டி சொந்தப் பட்டியலில் உள்ள மற்ற ஏழு பேரோடு. தேர்தல் காலத்தில் ஒரே கட்சிக்காரர்களின் சுவரொட்டிகளை ஒரே கட்சிக்காரர்களே கிழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கேட்காத ஊர் குறைவு.

இப்படி ஒவ்வொன்றாகச் சேரும் ஆசனங்களுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், பாராளுமன்ற ஆட்சியில் அரசாங்கம் தலைக்கணக்கின் மேல் நிற்கிறது. 1931இல் ஆணும் பெண்ணும் 21 வயதில் வாக்குரிமை பெற்றுத் தெரிவுசெய்த அரசாங்க சபையில் அந்த நிலை இல்லை; ஏழு குழுக்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டன, குழுத் தலைவர்கள் அமைச்சர்களானார்கள். 1947க்குப் பிறகுதான் சபையின் நம்பிக்கை இருக்கும் வரையே பிரதமர் என்ற விதி வந்தது. 1960 மார்ச்சில் 50 ஆசனங்களோடு ஆட்சி அமைத்த டட்லி சேனநாயக்க, ஏப்ரலிலேயே சபையில் தோற்றார். எதிர்த்தவர்களில் தமிழரசுக் கட்சியின் 15 பேரும் இருந்தார்கள். 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 74க்கு 73 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 1978க்குப் பிறகு நிறைவேற்று ஜனாதிபதி மேலே இருந்தாலும் இந்தக் கணக்கு சாகவில்லை. 2018 அக்டோபரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க மாற்றப்பட்டபோது, 225இல் பாதியைத் தாண்டும் 113ஐ நாடே தேடியது. அந்த நாட்களில் மட்டக்களப்பின் எஸ். வியாழேந்திரன் கூட்டமைப்பை விட்டுப் பிரதி அமைச்சரானார். டிசம்பர் 12இல் ரணிலுக்கு ஆதரவாக 117 கைகள் உயர்ந்தன. கூட்டமைப்பின் கைகளும் அவற்றுள் அடக்கம்.

மீதிக் கணக்கை விட்டுவிட்டு, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறைக்குப் போக வேண்டும் என்ற பேச்சு பழையது. உள்ளூராட்சி மன்றங்கள் 2018 பெப்ரவரியில் அதற்கு மாறின. மாகாண சபைகளுக்கும் அதையே கொண்டுவர 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. புதிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை. 37 ஆசனங்கள் கொண்ட கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் அந்த ஆசனங்களுக்குத் தேர்தல் நடக்கவில்லை. மாகாணத்தை ஆளுநர்களே நடத்திவந்திருக்கிறார்கள்.