பேண்ட்வித்: நினைவகத்தின் பாய்திறன்

விளையாட்டுக்கென்று கணினி வாங்குவோர் கிராபிக்ஸ் அட்டையின் விவரப் பட்டியலில் முதலில் தேடுவது, அதன் நினைவகம் எத்தனை ஜிபி என்பதையே. அதே பட்டியலில் இருக்கும் ‘மெமரி பேண்ட்வித்’ என்னும் வரியைப் பெரும்பாலோர் படிக்காமல் கடந்துவிடுகின்றனர். ஒரே பெயர் தாங்கிய அட்டை மேசைக்கணினியில் ஒருவாறும் மடிக்கணினியில் வேறொருவாறும் இயங்குவதற்கான காரணங்களில் முதன்மையான ஒன்று அவ்வரியில் இருப்பதால், அச்சொல்லைச் சரியாக அறிவது பயனுடையது.

பேண்ட் என்பது பட்டை. வித் என்பது அகலம். இச்சொல் வானொலிப் பொறியியலுக்கு உரியது. ஓர் ஒலிபரப்பு எடுத்துக்கொள்ளும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கும் உள்ள இடைவெளியே அங்கு பேண்ட்வித். ஆகவே அதன் அலகு ஹெர்ட்ஸ். பட்டையின் அகலத்துக்கும் அனுப்பக்கூடிய தகவலின் அளவுக்கும் உள்ள தொடர்பை 1928இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹார்ட்லி ஆராய்ந்தார். இரைச்சலையும் கணக்கில் கொண்டு அதன் உச்ச வரம்பை 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் நிறுவினார். அகன்ற பட்டை மிகுதியான தகவலைக் கடத்தும் என்பதால், அகலத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் நொடிக்குக் கடத்தப்படும் தகவலின் அளவையே குறிக்கலாயிற்று. கருவியின் பெயர் காரியத்துக்கு ஆகிவருவதைக் கருவியாகுபெயர் என்பது நம் இலக்கணம். இங்கு நிகழ்ந்ததும் அத்தகையதே.

கணினி நினைவகத்துக்கு வந்தபோது அதிர்வெண் பட்டை என்ற பொருள் முற்றிலும் உதிர்ந்துவிட்டது. இங்கு கணக்கு எளியது: நினைவகத்தையும் கிராபிக்ஸ் சில்லையும் இணைக்கும் பாட்டை (பஸ்) எத்தனை பிட் அகலமுடையது என்பதை, ஒவ்வொரு தடமும் நொடிக்குக் கடத்தும் பிட்டுகளால் பெருக்கி, எட்டால் வகுத்தால் கிடைப்பதே நினைவக பேண்ட்வித். மேசைக்கணினிக்கான என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் பாட்டை 384 பிட். தடத்துக்கு 21 ஜிகாபிட். ஆக, நொடிக்கு 1008 ஜிகாபைட். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090இல் பாட்டை 256 பிட். தடத்துக்கு 18 ஜிகாபிட். நொடிக்கு 576 ஜிகாபைட் மட்டுமே. செயற்கருக்களும் (கோர்) மின்திறன் வரம்பும்கூட மடிக்கணினியில் குறைவுதான் என்பதால் வேறுபாடு முழுவதையும் பேண்ட்வித்தின் மேல் ஏற்ற முடியாது. எனினும் ஒரே எண்ணைப் பெயராகக் கொண்ட இரண்டு பொருள்களை நிகரானவை என்று கருதக்கூடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

1920க்கு 1080 என்ற அளவில் ஒரு சட்டகத்தில் (ஃபிரேம்) ஏறத்தாழ 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட் என்றால், நொடிக்கு 60 சட்டகங்களை ஒருமுறை எழுதி முடிக்க அரை ஜிகாபைட்டே போதும். ஆனால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் மேற்பரப்புப் படிமங்கள், ஆழத் தரவு, நிழல், ஒளி ஆகியவை மீண்டும் மீண்டும் படிக்கப்பட்டும் எழுதப்பட்டும் வருவதால் தேவை பன்மடங்காகிறது. 4கே திரையில் புள்ளிகளே நான்கு மடங்கு. இச்சுமையைக் குறைக்கச் சில்லுக்குள்ளேயே பெரிய இடைமாற்று நினைவகம் (கேஷ்) வைப்பதுண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ அட்டையில் நொடிக்கு 448 ஜிகாபைட்டாக இருந்த அளவு 4060 டிஐயில் 288 ஆகக் குறைந்தபோது, 4 எம்பியாக இருந்த இரண்டாம் நிலை இடைமாற்று நினைவகம் 32 எம்பியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் திரையின் தெளிவுத்திறன் உயர உயர, புதிய அட்டையின் முன்னிலை சுருங்குவதையே சோதனைகள் காட்டின.

தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினிகளில்தான் இது மிகவும் உறைக்கிறது. அங்கு மையச் செயலியும் கிராபிக்ஸும் ஒரே முதன்மை நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டிடிஆர்4 3200 வகையில் 16 ஜிபி கொண்ட ஒற்றை ரேம் பலகை நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். 8 ஜிபி பலகைகள் இரண்டை இரு சேனல்களில் பொருத்தினால் 51.2 ஜிகாபைட் கிடைக்கும். கொள்ளளவு மாறவில்லை, ஆட்டம் தெளிவாக மாறுகிறது.

இனி தமிழ்ச் சொல். பட்டையகலம், கற்றையகலம், அலைவரிசை அகலம் ஆகியன வழக்கில் உள்ளன. வானொலிக்கும் தொலைத்தொடர்புக்கும் பட்டையகலம் முற்றிலும் பொருந்தும். பிராட்பேண்டை அகலப்பட்டை என்பதோடும் அது இயைகிறது. நினைவகத்துக்கு அதையே ஆள்வது நல்லதன்று என்பது என் கருத்து. அங்கு அலையும் இல்லை, பட்டையும் இல்லை என்பது ஒருபுறமிருக்க, ‘பாட்டையகலம்’ என்று பஸ் வித்தையும் ‘பட்டையகலம்’ என்று பேண்ட்வித்தையும் அடுத்தடுத்து எழுதினால் படிப்பவர் தடுமாறுவது உறுதி. முன்னது பிட்டில் அளக்கப்படுவது, பின்னது நொடிக்கு இத்தனை ஜிகாபைட் என்று அளக்கப்படுவது. ‘நினைவக வேகம்’ என்பதும் ஒரு தடத்தின் வேகத்தோடு குழம்பும். ஏரியின் கொள்ளளவு வேறு, அதன் மதகு வழியே நொடிக்குப் பாயக்கூடிய நீர் வேறு என்பதைப் போல, நினைவகத்துக்கும் கொள்ளளவு, பாய்திறன் என்ற இணையை ஆளலாம். பாய்திறன் என்பது வினைத்தொகை; உச்ச வரம்பையே சுட்டுவதால் ‘திறன்’ என்ற ஈறு பொருந்துகிறது.

மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060ஐ இச்சொற்களால் விவரித்தால், ‘8 ஜிபி கொள்ளளவும் 128 பிட் பாட்டையகலமும் நொடிக்கு 272 ஜிகாபைட் பாய்திறனும் உடைய அட்டை’ என்று எழுதலாம்.